மூளைக் காய்ச்சலைத் தடுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல் வயலில் நீர் நிற்பது உழவர் மனம் குளிரும் காட்சி. தாமல், தென்னேரி, உத்திரமேரூர் ஏரிகள் நிரம்பி மதகு திறந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நாற்றங்கால், சேற்றுழவு, நடவு என்று வேலைகள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. ஆனால் அதே நீரில் நாம் விதைக்காத ஒன்றும் சேர்ந்து வளர்கிறது. அதுதான் கொசு. நெல் வயலில் பிறக்கும் ஒரு வகைக் கொசு, பறவைகளிடமும் பன்றிகளிடமும் உள்ள ஒரு நோயை நம் குழந்தைகளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. அந்நோய்க்கு ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று பெயர்.

இதைத் தடுப்பது சுகாதாரத் துறையின் வேலைதானே என்று நீங்கள் கேட்கலாம். அது பாதி உண்மை. தடுப்பூசி போடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் கொசு பிறக்கும் இடம் உங்கள் வயல். அந்த வயலின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆகவே மற்றப் பாதிப் பொறுப்பு உழவர்களாகிய உங்களுடையது. அதை விளைச்சல் குறையாமல், நீரையும் மிச்சப்படுத்திச் செய்யும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் ஜப்பான்; இந்தியாவில் கண்ட இடம் வேலூர்

1924-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டில் இந்நோய் பெருவாரியாகப் பரவி 6,000 பேருக்கு மேல் தாக்கியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1935-இல் இறந்தவர் ஒருவரின் மூளையிலிருந்து நோய்க்குக் காரணமான நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். இதனால் நோய்க்கு ஜப்பானின் பெயர் நிலைத்துவிட்டது.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான். 1955-ஆம் ஆண்டு, அன்றைய வடஆற்காடு மாவட்டத்து வேலூரில் மூளைக் காய்ச்சல் கண்ட நோயாளிகளிடம் இது கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பகுதியில் பிடித்த கொசுக்களிலும், 1958-இல் இறந்த நோயாளியின் மூளையிலும் இதே நச்சுயிரி கிடைத்தது. வேலூரிலிருந்து பாலாற்றின் போக்கிலேயே கிழக்கே வந்தால் காஞ்சிபுரம். இரண்டு இடங்களிலும் ஏரிப் பாசனம், நெல், மாடு, கொக்கு எல்லாம் ஒன்றுதான். ஆகையால் வேலூரில் கண்ட பாடம் காஞ்சிபுரத்து உழவருக்கும் பொருந்தும்.

1973-இல் மேற்கு வங்கத்தின் பாங்குரா, பர்த்தமான் மாவட்டங்களில் இந்நோய் பெருவாரியாகத் தாக்கியது. 2005-இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். இவ்விடங்களிலெல்லாம் பொதுவாகக் காணப்பட்டது நீர் நிறைந்த நெல் வயலே.

நோய் சுற்றி வரும் வழி

இந்நச்சுயிரியின் சொந்த வீடு நீர்ப்பறவைகளின் உடல். வயலில் உங்களுடன் இறங்கும் மடையான், உண்ணிக்கொக்கு, அந்தியில் குரல் கொடுத்துப் பறக்கும் வக்கா போன்ற கொக்கினப் பறவைகளிடம் இது தங்குகிறது. பறவைக்கு நோய் வெளியில் தெரிவதில்லை. பறவையைக் கடித்த கொசு இரத்தத்துடன் நச்சுயிரியையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஏறக்குறைய பத்து நாட்களில் அது கொசுவின் உமிழ்நீரை அடைந்துவிடும். அதன்பின் அக்கொசு கடிக்கும் போதெல்லாம் நோயைக் கொடுக்கும்.

அத்தகைய கொசு பன்றியைக் கடித்தால் ஆபத்து பெருகுகிறது. பன்றியின் இரத்தத்தில் நச்சுயிரி சில நாட்களுக்கு மிக அதிகமாகப் பெருகி நிற்கும். அந்நாட்களில் பன்றியைக் கடிக்கும் கொசுக்கள் பலவும் நோயைச் சுமக்கத் தொடங்கும். எனவே பறவை நோயின் சேமிப்புக் கிடங்கு என்றால், பன்றி அதைப் பெருக்கும் நாற்றங்கால் எனலாம்.

மனிதனிடம் வந்ததும் இந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. மனித இரத்தத்தில் நச்சுயிரி போதிய அளவு பெருகாததால், நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுப்பதில்லை. தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, நோயாளிக்குப் பணிவிடை செய்வதாலோ இது பரவாது. நோய் கண்ட வீட்டை ஊரார் ஒதுக்கி வைப்பது அறியாமை.

எல்லாக் கொசுவும் ஒன்றல்ல

காஞ்சிபுரம் நகரத்துச் சாக்கடையில் பிறக்கும் கொசு யானைக்கால் நோயைப் பரப்புவது. தண்ணீர்த் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பிறந்து பகலில் கடிக்கும் வரிக்கொசு டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது. மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இவ்விரண்டினின்றும் வேறானது. இது கியூலெக்ஸ் விஷ்ணுய் என்னும் குழுவைச் சேர்ந்தது. இதன் பழக்கங்களை நீங்கள் நன்கு தெரிந்துகொள்ள வேண்டும்.

இது முட்டையிடும் முக்கிய இடம் நெல் வயலின் தேங்கிய நீர். நடவு முடிந்து, பயிர் இன்னும் குட்டையாக இருந்து, வெயில் நீரில் விழும் முதல் சில வாரங்களில் புழுக்கள் மிகுதியாகக் காணப்படும். பயிர் தூர் கட்டி நீரை மூடிய பிறகு குறைந்துவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய நிலைகளைக் கடந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாட்கள் போதும். இந்த நாள் கணக்கை மனத்தில் வையுங்கள். நாம் கூறப்போகும் முறை முழுவதும் இதைச் சார்ந்ததே.

இக்கொசு அந்தி சாய்ந்ததும், பெரும்பாலும் வீட்டிற்கு வெளியே கடிக்கும். பகலில் பயிருக்குள்ளும் புதரிலும் தங்கும். ஆதலால் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதால் மட்டும் இதை ஒழித்துவிட முடியாது. ஓரிரு கிலோமீட்டர் தொலைவு பறந்து செல்லவும் இதனால் இயலும். மாலையில் மாடு கறப்போர், தறியை விட்டு எழுந்து திண்ணையில் காற்று வாங்குவோர், தெருவில் விளையாடும் சிறுவர்கள் ஆகியோரே இதன் கடிக்கு எளிதில் ஆளாகின்றனர்.

மாடும் பன்றியும்

நம் ஊர்களில் இக்கொசுக்கள் மிக விரும்பிக் கடிப்பது மாட்டைத்தான். மாட்டின் உடலிலோ நச்சுயிரி கொசுவிற்குத் திரும்பப் போகும் அளவு பெருகுவதில்லை. இவ்வகையில் மாடு நமக்கு வரவேண்டிய கடிகளில் பெரும் பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மாட்டுப் பாலால் இந்நோய் வராது. எனினும் மாட்டைத் தேடி வரும் கொசுக்கள் கொட்டகையைச் சுற்றி நிற்பதால், கொட்டகையை ஒட்டிய திண்ணையில் குழந்தைகளைப் படுக்க வைக்கக் கூடாது. இடவசதி இருந்தால் கொட்டகையை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி அமைப்பது நல்லது.

பன்றிகளுக்கு இந்நோய் பொதுவாக வெளியில் தெரிவதில்லை. ஆனால் சினைப் பன்றிகள் கருச்சிதைவு அடையும். குட்டிகள் செத்தோ, உலர்ந்து சுருங்கியோ பிறக்கும். 2022-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில், பன்றிப் பண்ணைகளில் குட்டிகள் செத்துப் பிறந்ததைக் கொண்டே இந்நோய் அங்கே பரவியிருப்பது தெரியவந்தது. எனவே பன்றி வளர்ப்போர் இத்தகைய குறியைக் கண்டால் குட்டிகளைப் புதைத்துவிட்டு வாளாவிருக்காமல், உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவிப்பது ஊர்க் குழந்தைகளைக் காக்கும் முன்னெச்சரிக்கை ஆகும்.

பன்றிகளை ஊருக்குள் திரிய விடாமல், குடியிருப்பிலிருந்து விலகிய இடத்தில் கொட்டில் அமைத்து வளர்க்க வேண்டும். அந்திக்கு முன் கொட்டிலில் அடைத்துக் கொசுவலை கட்டிவிட்டால் நோய்ச் சுழற்சியின் முக்கியமான கண்ணி அறுபடும். பன்றி வளர்ப்பு பலருக்கு வாழ்க்கைத் தொழில். அவர்களைக் குறை கூறுவதை விட, ஊராட்சி தக்க இடம் ஒதுக்கித் தருவதே பயன் தரும்.

கொக்குகளை விரட்ட வேண்டுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். வேண்டாம். பக்கத்துச் செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதைக் கண்டு, உழவர்களே பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். 1798-இலேயே அதற்கு ஆட்சியரின் ஆணையும் பெற்றனர். பறவையைக் கொல்வதால் நோய் நீங்காது. வயலின் பூச்சிதான் பெருகும். நாம் அறுக்க வேண்டியது கொசு என்னும் கண்ணியை.

வயலில் செய்ய வேண்டியவை

1. காய்ச்சலும் பாய்ச்சலும்: நம் முன்னோர் அறிந்த சொல்தான் இது. வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைக்காமல், பாய்ச்சிய நீர் வற்றி மண் காய்ந்த பின் மீண்டும் பாய்ச்சுவதே இம்முறை. கொசு உருவாக ஏழு நாட்களாவது தொடர்ந்து நீர் வேண்டும் என்று கண்டோம். அதற்குள் வயலின் மேற்பரப்பில் நீர் அறவே இல்லாமற் போனால் புழுக்கள் சேற்றிலேயே மடிந்துவிடும். மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் தமிழ்நாட்டு நெல் வயல்களில் இதை ஆராய்ந்தனர். புழுக்கள் கூட்டுப்புழு நிலையை எட்டுவது வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

நடவு செய்து நாற்று பச்சை பிடித்த பின், சுமார் இரண்டு வாரத்திலிருந்து இம்முறையைத் தொடங்கலாம். எப்போது பாய்ச்சுவது என்று அறிய எளிய கருவி ஒன்று உண்டு. 30 செ.மீ. நீளமுள்ள அகன்ற பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, அதன் கீழ்ப்பகுதி 20 செ.மீ. அளவிற்குச் சுற்றிலும் துளையிடுங்கள். துளையிட்ட பகுதி மண்ணுக்குள்ளும், 10 செ.மீ. மேலேயும் இருக்கும்படி வயலில் பதித்து, குழாயினுள் இருக்கும் மண்ணை அகற்றிவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்திற்கு நீர் பாய்ச்சினால் போதும். மேல்மண் காய்ந்து தெரிந்தாலும் வேருக்கு அடியில் நீர் இருப்பதைக் குழாய் காட்டிவிடுவதால், பயிர் வாடுமோ என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பூக்கும் தருணத்தில், அதாவது பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை, வயலைக் காய விடாமல் 5 செ.மீ. நீர் நிறுத்த வேண்டும். அதற்குள் பயிர் நீரை மூடிவிடுவதால் இக்கொசுவின் தொல்லையும் குறைந்திருக்கும்.

2. சமன்படுத்துதல்: மேடு பள்ளமான வயலில் மேடு காய்ந்தாலும் பள்ளத்தில் நீர் நிற்கும். புழுக்கள் அங்கே ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே சேற்றுழவின்போது பரம்படித்து வயலை நன்கு சமப்படுத்த வேண்டும். வாய்க்காலிலும் வரப்போரக் குழிகளிலும் நீர் தேங்காமல் சீர்செய்ய வேண்டும்.

3. யூரியா இடுவதில் அளவு: தழைச்சத்து உரங்களை இட்ட வயலில் கொசுப்புழுக்கள் பெருகுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மண் பரிசோதனைப்படி தேவையான அளவையே, ஒரே தடவையில் கொட்டாமல் பல தடவைகளாகப் பிரித்து இட வேண்டும். 100 கிலோ யூரியாவிற்கு 20 கிலோ வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இடுவது நம் பரிந்துரையில் உள்ளதே. இதனால் தழைச்சத்து வீணாவது குறைகிறது. வேப்பம் பிண்ணாக்குக் கலந்த யூரியாவுடன் காய்ச்சலும் பாய்ச்சலும் சேர்ந்தபோது கொசுப்புழுக்கள் குறைந்ததையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

4. பூச்சி மருந்தில் நிதானம்: தும்பியின் இளம் பருவம், நீர்ப்பூச்சிகள், சிறு மீன்கள் ஆகியவை கொசுப்புழுக்களைத் தின்று வாழ்பவை. தேவையின்றி மருந்தடித்தால் முதலில் அழிவன இவையே. சில நாட்களில் கொசு முன்னிலும் அதிகமாகத் திரும்பி வரும். பொருளாதாரச் சேத நிலையை எட்டினாலன்றி மருந்தடிக்காதீர்கள்.

ஆயக்கட்டு ஒன்றுபட வேண்டும்

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நீங்கள் மட்டும் வயலைக் காயவிட்டு, மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரரும் நீரைத் தேக்கி வைத்தால், அவர்கள் வயலில் பிறந்த கொசு உங்கள் வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். ஒரு மதகின் கீழுள்ள வயல்கள் எல்லாம் முறை வைத்து ஒரே காலத்தில் காய வேண்டும். அதற்கு ஏரிப் பாசன சங்கமும் நீர்க்கட்டியும் உழவர்களும் கூடிப் பேசி, எந்த மதகு எந்த நாளில் திறப்பது என்று வகுத்துக்கொள்ள வேண்டும். நீர் மிச்சமாவதால் கடைமடை வயலுக்கும் நீர் எட்டும் என்பது இதில் கிடைக்கும் மற்றொரு நன்மை.

இது காஞ்சிபுரம் வட்டாரத்திற்குப் புதியதன்று. உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்ற குழுவைக் குடவோலை முறையில் ஊரார் தேர்ந்தெடுத்ததை அவை கூறுகின்றன. அன்று பயிருக்காகக் கூடியவர்கள் இன்று பயிருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் கூட வேண்டும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். சொர்ணவாரியிலும் நவரையிலும் காய்ச்சலும் பாய்ச்சலும் எளிதில் செய்யலாம். சம்பாப் பருவத்தில் வடகிழக்குப் பருவ மழை பொழியும்போது வயலைக் காயவிட இயலாது. மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் நம் மாநிலத்தில் இந்நோய் மிகுதி. அப்போது வடிகாலைச் சீராக வைத்து, கீழ்க்காணும் வீட்டுப் பாதுகாப்பில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. இந்தியாவில் 2006 முதல் நோய் காணப்படும் மாவட்டங்களில் இது குழந்தைகளுக்குப் போடப்பட்டு வருகிறது. ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் தவணையும் போட வேண்டும். உங்கள் பகுதியில் இது போடப்படுகிறதா என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டறிந்து, தவணை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அந்தி வேளையில் கை கால்களை மூடும் ஆடை அணிவியுங்கள். வேப்பிலைப் புகை ஓரளவே உதவும். அதையே நம்பி வலையை விட்டுவிடக் கூடாது.

நோய்க்குறி கண்டால்

கொசு கடித்த 5 முதல் 15 நாட்களுக்குள் நோய் தோன்றும். நச்சுயிரி உடலில் புகுந்த எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை; ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடுமையாகிறது. ஆனால் அந்த ஒருவர் பெரும்பாலும் 15 வயதிற்குட்பட்ட குழந்தை. கடும் காய்ச்சல், தலைவலி, வாந்தி, கழுத்து விறைத்தல், வலிப்பு, பிதற்றல், நினைவிழத்தல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். மூளை தாக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துவிடுகின்றனர். நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேருக்குக் கை கால் வழங்காமை, பேச்சுக் குறைவு, அறிவு மந்தம் போன்ற குறைகள் நிலைத்துவிடுகின்றன. வளர்ந்து ஏர் பிடிக்கவோ, தறியில் அமரவோ, பள்ளி சென்று படிக்கவோ வேண்டிய பிள்ளை வாழ்நாள் முழுதும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை ஏற்படுகிறது.

இந்நச்சுயிரியை நேரே கொல்லும் மருந்து இல்லை. எனினும் வலிப்பை அடக்கி, மூச்சையும் நீர்ச்சத்தையும் காத்து, மூளை வீக்கத்தைக் குறைத்து உயிரைக் காப்பாற்ற மருத்துவமனையால் முடியும். ஆகவே காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ கண்டால் மந்திரித்தல், சூடு போடுதல் ஆகியவற்றில் ஒரு மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். 108 வண்டியை அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பின்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பதும், வாயில் கரண்டி திணிப்பதும், தண்ணீர் புகட்டுவதும் கூடாது.

நினைவிற் கொள்ள

வயலில் ஏழு நாட்கள் தொடர்ந்து நீர் நின்றால் கொசு. அதற்குள் காய்ந்தால் கொசு இல்லை. அடுத்த நடவிற்கு முன் உங்கள் மதகின் கீழுள்ள உழவர்களை ஒரு மாலை கூட்டி, பாசன முறையை வகுத்துக்கொள்ளுங்கள். குழாய்த் துண்டை முதலில் ஒரு வயலில் பதித்து எல்லோருக்கும் காட்டுங்கள். ஐயங்களுக்கு உங்கள் வேளாண்மை அலுவலரையும், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். வயலுக்குக் காய்ச்சல் கொடுங்கள். வீட்டில் காய்ச்சல் வராமல் தடுங்கள்.